சிறு வேலைத்தளத்தில் பாரம் தூக்குவதற்கு முன்: திட்டமிடுவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உழவு இயந்திரங்களையும் நெல் வெட்டும் இயந்திரங்களையும் லொறிகளையும் திருத்தும் வேலைத்தளங்களுள் பெரும்பாலானவை, ஒரு பாஸும் (தலைமை மெக்கானிக்) இரண்டு மூன்று உதவியாளர்களும் வேலை செய்யும் சிறிய இடங்களே. தகரக் கூரையின் கீழ் குறுக்கே போட்ட ஓர் இரும்புக் கர்டர், அதில் தொங்கும் செயின் புளொக் (கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி), மூலையில் இரண்டு ஹைட்ரோலிக் ஜாக், சுவரில் மாட்டிய சில சங்கிலிகள் ஆகியவையே பாரம் தூக்குவதற்கென அங்கு இருப்பவை. பெருந்தொழிற்சாலையில் இந்த வேலைக்கெனத் தனியாக ஆட்கள் இருப்பார்கள். இங்கே திட்டமிடுபவரும் சங்கிலியை இழுப்பவரும் பொறுப்பேற்பவரும் பல வேளைகளில் ஒருவரே. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியிலும் சிறுபோக அறுவடை நடக்கும் ஆவணி, புரட்டாதியிலும் வயலில் நின்றுபோன இயந்திரம் ஒன்று வாசலுக்கு வந்துவிட்டால், அதை அனுப்பிய போடியாரும் (வயல் சொந்தக்காரர்) கூடவே வந்து, இன்றைக்கே முடியுமா என்று கேட்டபடி பக்கத்தில் நிற்பார். அந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது திட்டமிடல்தான் என்பதால், பத்து நிமிடங்களுக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரு முறையையே இங்கே விளக்குகிறேன்.

இறக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

பாரம் தூக்கப் போகிறவர் பொதுவாக முதலில் கேட்பது, "இந்த புளொக் இதைத் தூக்குமா?" என்பதே. அந்தக் கேள்வி தேவையானதுதான். ஆனால் அதற்கு முன், தூக்கிய பொருள் எங்கே, எதன் மேல், எந்த நிலையில் இறங்கப்போகிறது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். இஞ்சின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கட்டை தேடுவதும், நிலத்தில் கிடக்கும் வெல்டிங் கேபிளைக் காலால் ஒதுக்குவதும், யாராவது ஒருவர் குனிந்து கீழே எதையாவது செருகுவதும் சிறு வேலைத்தளங்களில் அடிக்கடி காணக்கூடியவை. பாரம் தொங்கும் நேரம் நீள நீள ஆபத்தும் கூடும். இறக்கும் இடம் ஆயத்தமாக இருந்தால் அந்த நேரம் தானாகவே குறைந்துவிடும்.

இஞ்சினை அதன் எண்ணெய்த் தொட்டியின் மேல் நிறுத்த முடியாது. பல இஞ்சின்களில் அது மெல்லிய தகட்டால் ஆனது. நசுங்கும், அல்லது இஞ்சின் ஒரு பக்கம் சாயும். ஆகவே, இஞ்சினை வாகனத்தில் பொருத்தும் இரண்டு பக்கத்துப் பிடிகளிலும் தாங்கும் ஓர் இரும்புத் தாங்கியை முன்கூட்டியே செய்து, அதை மட்டமான சீமெந்து நிலத்தில் வைத்து, ஆட்டிப் பார்த்த பின்னரே மேலே தூக்கத் தொடங்க வேண்டும். கியர் பொக்ஸ், டிபரென்சியல் போன்றவற்றுக்கும் இதுவே முறை.

கர்டரில் ஓடும் தள்ளுவண்டி இல்லாமல், கொக்கி ஒரே இடத்தில் நிற்கும் வேலைத்தளங்களே நம்மிடம் அதிகம். அங்கே பாரத்தைப் பக்கவாட்டில் இழுத்து நகர்த்த முயலக் கூடாது. இஞ்சினை நேராக மேலே தூக்கி, வாகனத்தைப் பின்னோக்கித் தள்ளி வெளியே எடுத்து, காலியான இடத்தில் தாங்கியை வைத்து நேராகக் கீழே இறக்குவதே பாதுகாப்பானது. அப்படிச் செய்வதாயின், வாகனத்தை யார் தள்ளுவது, எவ்வளவு தூரம் தள்ளுவது, தள்ளியபின் சில்லுகளுக்கு அடைகட்டை யார் வைப்பது என்பதும் திட்டத்தின் பகுதியாகும். தள்ளுபவர்கள் தொங்கும் இஞ்சினின் கீழாகக் கையையோ தலையையோ நீட்டாமல் தள்ளக்கூடிய பிடி இடம் எது என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எடையை அறிதல்

எடையை ஊகிப்பது வேறு, கணக்கிடுவது வேறு. இயந்திரத்தின் பெயர்த்தகடு, உற்பத்தியாளரின் கைந்நூல், விநியோகப் பற்றுச்சீட்டு ஆகியவற்றில் எடை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். எதுவும் இல்லாதபோது, உண்மையான எடையை விட நிச்சயமாகக் கூடிய ஓர் அளவை வைத்துத் திட்டமிடுவதே முறை. மூன்று அல்லது நான்கு சிலிண்டர் கொண்ட சிறிய டீசல் இஞ்சினைக் கியர் பொக்ஸ் இல்லாமல் தூக்குவதாயின், அதை அரைத் தொன் என்று வைத்துக்கொண்டு எல்லாக் கருவிகளையும் தெரிவு செய்தால் பிழை பெரும்பாலும் பாதுகாப்பான பக்கத்திலேயே இருக்கும்.

இரும்பின் எடையைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீற்றர் பரப்பும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள உருக்குத் தகடு 7.85 கிலோ இருக்கும். எட்டுக்கு நான்கு அடித் தகட்டின் பரப்பு ஏறக்குறைய 2.98 சதுர மீற்றர். ஆகவே 6 மி.மீ. தகடு ஏறத்தாழ 140 கிலோவும், 10 மி.மீ. தகடு 234 கிலோவும் வரும். இரண்டு பேர் தூக்கிச் சுவரில் சாத்திவிடலாம் என்று நினைக்கும் தகடு பல வேளைகளில் இந்த எடையில்தான் இருக்கும். உருளைக் கம்பிக்கு, விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பின்னர் 0.00617 ஆல் பெருக்கினால் ஒரு மீற்றருக்கான கிலோ கிடைக்கும்: 75 மி.மீ. விட்டமுள்ள ஆலைத் தண்டு மீற்றருக்கு ஏறக்குறைய 35 கிலோ, மூன்று மீற்றர் நீளத்துக்கு 104 கிலோ. டீசல் நிரம்பிய 200 லீற்றர் பீப்பா 190 கிலோவை நெருங்கும்.

மறைந்திருக்கும் எடையைக் கவனிக்க வேண்டும். உழவு இயந்திரத்தின் பின் சில்லுக்குள் நீர் நிரப்பப்பட்டிருந்தால், அது மட்டுமே 100 கிலோவுக்கு மேல் கூட்டும். நெல் வெட்டும் இயந்திரத்தின் பாகங்களில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறும் சாதாரணமான எடையல்ல. கழுவிவிட்டுத் தூக்குவது எடையைக் குறைப்பதோடு, வெடிப்புகளையும் பிடி இடங்களையும் கண்ணுக்குக் காட்டும். பாதி நிரம்பிய தொட்டி இன்னொரு வகையான தொல்லை: சற்றுச் சாய்ந்தாலும் உள்ளிருக்கும் திரவம் ஒரு பக்கம் ஓடி, சாய்வை மேலும் கூட்டிவிடும். வடித்துவிட்டுத் தூக்குங்கள்.

எடை எவ்வளவு என்பதோடு, எடையின் மையம் எங்கே என்பதும் தெரிய வேண்டும். பாரம் தரையை விட்டதும் அதன் மையம் கொக்கிக்கு நேர் கீழே வந்து நிற்கும் வரை அது ஊசலாடும் அல்லது சாயும். நீங்கள் விரும்புகிறீர்களோ இல்லையோ அது நடக்கும். கியர் பொக்ஸ் பொருத்திய இஞ்சினில் மையம் பின்னோக்கி நகர்ந்திருக்கும். உற்பத்தியாளர் இஞ்சினில் பொருத்திய தூக்கு வளையங்கள் பொதுவாக இஞ்சினைத் தனியே தூக்குவதற்கானவை. மின் மோட்டாரின் தலையிலுள்ள வளையமும் மோட்டாரை மட்டும் தூக்குவதற்கானதே. மோட்டார், பம்பி, அடித்தட்டு மூன்றையும் சேர்த்து அந்த ஒரு வளையத்தில் தொங்கவிடுவது, அது தாங்கினாலும், தவறான செயல்.

கொக்கி எதில் தொங்குகிறது?

இரண்டு தொன் எழுதிய செயின் புளொக்கை வாங்கி மாட்டியவுடன், அந்த இடத்தில் இரண்டு தொன் தூக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். புளொக், அதன் மேற்கொக்கி, கர்டர், கர்டர் அமர்ந்திருக்கும் தூண்கள், தூணின் அடிப்பொல்ட்டுகள், அவற்றைத் தாங்கும் நிலம் ஆகிய அனைத்திலும் எது பலவீனமானதோ அதுவே அந்த இடத்தின் உண்மையான அளவு. தகரக் கூரையின் மரச் சட்டங்களும் குழாய்ச் சட்டங்களும் தகரத்தையும் காற்றையும் தாங்கப் போடப்பட்டவை. அவற்றில் பாரம் தொங்கவிடுவதற்கு எந்தக் கணக்கும் இல்லை. வாசலில் நிற்கும் மாமரத்தின் கிளையைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும்: உள்ளே உக்கிய கிளை வெளியே பச்சையாகவே தெரியும்.

கர்டரின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். நடுவில் அதே பாரம் தொங்கும்போது, தூண்களுக்கு இடையிலான தூரத்தை 3 மீற்றரிலிருந்து 6 மீற்றராக்கினால் கர்டரை வளைக்கும் விசை இரட்டிப்பாகும். அது கீழே தொய்யும் அளவோ எட்டு மடங்காகும். ஆகவே பக்கத்து வேலைத்தளத்தில் தாங்குகிற அதே அளவுக் கர்டர் உங்களிடமும் தாங்கும் என்று கொள்ள முடியாது. ஒரு முறை பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு கர்டரையும் தூண்களையும் கணக்கிட்டு, சோதித்து, அனுமதிக்கப்பட்ட அளவைக் கர்டரின் இரு பக்கமும் பெரிய எழுத்தில் வர்ணத்தால் எழுதிவிடுங்கள். அந்தச் செலவைச் செய்யத் தயங்குபவர்கள் தூக்கும் வேலையையே எடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

கரையோர ஊர்களில் நிலம் பெரும்பாலும் மணல். குழாய்களால் செய்த முக்காலியை மணலில் நிறுத்தினால் ஒரு கால் மட்டும் புதைந்து முழுவதும் சரியலாம். வழவழப்பான சீமெந்தில் நிறுத்தினால் கால்கள் வெளியே வழுக்கி விரியலாம். மணலில் ஒவ்வொரு காலின் கீழும் தடித்த பலகை வைக்க வேண்டும்; எந்த நிலத்திலும் மூன்று கால்களின் அடிகளையும் ஒரு சங்கிலியால் சுற்றிக் கட்டி, விரியாமல் தடுக்க வேண்டும். சில்லுகளில் உருளும் மடக்குக் கிரேனையும் மணலில் பாரத்துடன் உருட்டக் கூடாது. அந்தக் கிரேனில் இன்னோர் ஆபத்தும் உண்டு: அதன் கையை நீட்ட நீட்டத் தூக்கக்கூடிய அளவு குறையும். இரண்டு தொன் என்று விற்கப்படும் கிரேன், கையை முழுவதும் நீட்டிய நிலையில் அரைத் தொன் மட்டுமே தூக்கக்கூடியதாக இருக்கலாம். கையிலுள்ள ஒவ்வொரு துளைக்கும் எதிரே எழுதப்பட்ட அளவைப் படித்துவிட்டே பொல்ட்டைச் செருகுங்கள்.

கட்டும் முறையும் கோணமும்

விபத்துக்குப் பின் "சங்கிலி அறுந்தது" என்று சொல்லப்படும் பல சந்தர்ப்பங்களில், சங்கிலியின் தவறு குறைவு. அதை விரித்துக் கட்டிய கோணத்தின் தவறே அதிகம். ஒரே கொக்கியிலிருந்து இரண்டு கால்களாக இறங்கும் சங்கிலியில், இரு கால்களும் நேர்கீழாகத் தொங்கினால் ஒவ்வொன்றும் பாரத்தில் பாதியைத் தாங்கும். கால்கள் விரிய விரிய ஒவ்வொரு காலிலும் விழும் இழுவிசை கூடும். 600 கிலோ பாரத்தை எடுத்துக்கொள்வோம்: கால்களுக்கு இடையிலான கோணம் 60 பாகையாயின் ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய 346 கிலோ, 90 பாகையாயின் 424 கிலோ, 120 பாகையாயின் முழு 600 கிலோவும் விழும். அதற்கு மேல் விரித்தால், ஒரு கால் தனியே தாங்குவது மொத்தப் பாரத்தையும் விடக் கூடிவிடும். கூடவே, பாரத்தின் இரு பிடி இடங்களும் உள்நோக்கி நசுக்கப்படும்.

கோணமானி இல்லாமலே இதை அளக்கலாம். கொக்கியிலிருந்து பிடி இடம் வரை ஒரு காலின் நீளத்தையும், இரண்டு பிடி இடங்களுக்கு இடையிலான தூரத்தையும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாயின் கோணம் 60 பாகை. இடைத்தூரம் கால் நீளத்தின் 1.4 மடங்காயின் கோணம் 90 பாகை. இடைத்தூரம் கால் நீளத்தை விடக் குறைவாக இருக்கும்படி நீளமான சங்கிலியைத் தெரிவு செய்வதை வழக்கமாக்கிக்கொண்டால், பெரும்பாலான கணக்குகள் தேவைப்படாமலே போய்விடும். கூரை உயரம் போதாமல் சங்கிலியைக் குறுக்க நேர்ந்தால், அதுவே நின்று யோசிக்க வேண்டிய இடம்.

தூக்குவதற்கான சங்கிலியில் தரம் பொறிக்கப்பட்டிருக்கும். தரம் 80 எனில் கண்ணிகளில் 8 அல்லது 80 என்ற எண்ணைக் காணலாம். அத்தரத்தில் 8 மி.மீ. சங்கிலியின் ஒற்றைக் கால் நேராக 2 தொன் வரை தாங்க அனுமதிக்கப்பட்டது. இரும்புக் கடையில் அடிக்கணக்கில் அளந்து தரும், கேற்றுக்கும் மாட்டுக்கும் போடும் சங்கிலி அதே தடிப்பில் இருந்தாலும், அதற்கு அத்தகைய அனுமதி எதுவும் கிடையாது. கடற்றொழில் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறும் அப்படியே. நங்கூரம் இழுக்க வாங்கிய கயிறு வெயிலிலும் உப்பிலும் கிடந்து எவ்வளவு வலுவிழந்திருக்கிறது என்பதை அதன் தோற்றம் சொல்லாது.

துணிநாரால் நெய்த தூக்கும் பெல்ட்டுகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. சர்வதேச வழக்கில் அவற்றின் நிறமே அளவைக் குறிக்கும்: ஊதா 1 தொன், பச்சை 2 தொன், மஞ்சள் 3 தொன், சாம்பல் 4 தொன், சிவப்பு 5 தொன். எனினும் நிறத்தை மட்டும் நம்பாமல் தையலோடு இணைந்த சீட்டைப் படியுங்கள். சீட்டு கிழிந்துபோன பெல்ட்டைத் தூக்குவதற்குப் பயன்படுத்தக் கூடாது. பெல்ட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டினால் அதன் அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வார்ப்பின் கூரான விளிம்பில் பெல்ட்டை நேராகப் படவிடாமல் விளிம்புக் காப்பு வையுங்கள். தடித்த டயர்த் துண்டு உராய்வைத் தடுக்கும், ஆனால் கத்தி போன்ற விளிம்புக்கு அது போதாது, அங்கே சங்கிலியே பொருத்தம். பற்றரி அமிலம் நைலோன் பெல்ட்டைக் கெடுக்கும். பொலியெஸ்டர் பெல்ட்டைக் கடுமையான காரக் கழுவுநீர் கெடுக்கும்.

சங்கிலியைப் பிடி இடத்தோடு இணைக்கும் U வடிவ ஷக்கிளின் திருகாணி தொலைந்தால், அளவுக்குப் பொருந்தும் சாதாரண பொல்ட்டைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். வளையப் பொல்ட்டுகளில் தோள் (வளையத்தின் அடியிலுள்ள அகன்ற விளிம்பு) இல்லாதவற்றை நேர்மேலாக மட்டுமே இழுக்கலாம். சாய்வாக இழுத்தால் கழுத்தில் முறியும். செயின் புளொக்கின் சுமைச் சங்கிலியையே பாரத்தைச் சுற்றிக் கட்டி அதன் கொக்கியை அதிலேயே மாட்டுவது நம்மிடம் வழக்கமாகவே ஆகிவிட்டது. அது கொக்கியின் நுனியையும் சங்கிலியின் கண்ணிகளையும் வளைக்கும்; சுற்றிக் கட்டுவதற்குத் தனிச் சங்கிலியோ பெல்ட்டோதான் வேண்டும்.

யார் எங்கே நிற்பது

ஒரு தூக்கலுக்குச் சைகை காட்டுபவர் ஒருவரே. ஏற்று, இறக்கு, மெல்ல என்பவை அவர் வாயிலிருந்து மட்டுமே வர வேண்டும். ஆனால் "நிப்பாட்டு" என்ற சொல் எல்லோருக்கும் உரியது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் சொன்னாலும் சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும். எழுதுவதற்கு எளிதான இந்த விதி, நம் வேலைத்தளங்களில் நடைமுறைப்படுத்தக் கடினமானது. பாஸ் வேலை செய்துகொண்டிருக்கும்போது, "அண்ணன், கொஞ்சம் நில்லுங்க" என்றோ "நானா, சங்கிலி முறுகுது" என்றோ சொல்வது மரியாதைக் குறைவு என்று பழகியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே தூக்கத் தொடங்கும் முன் பாஸே முன்வந்து, "யார் கண்டாலும் சத்தமாகச் சொல்லுங்க, நான் நிப்பாட்டுவேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். பிழையாக நிறுத்தியவரையும் கடியக் கூடாது. ஒரு தடவை கடிந்தால் அடுத்த தடவை அவர் பேச மாட்டார்.

வாகனச் சொந்தக்காரருக்கும் வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கும் ஓர் எல்லை போடுங்கள். பாரம் சரிந்தால் விழும் தூரத்துக்கும் அப்பால், நிழலில், ஒரு கதிரை போட்டு அமர்த்திவிட்டால் அவர் கை கொடுக்க ஓடி வர மாட்டார். பாட்டாச் செருப்போடு பாரத்துக்கு அருகில் நிற்பதை எவருக்கும் அனுமதிக்கக் கூடாது. பாரத்தைத் திருப்ப வேண்டியிருந்தால் கையால் தள்ளாமல், முன்கூட்டியே கட்டிய வழிக்கயிற்றால் தூர நின்று திருப்புங்கள்.

தூக்கும் தருணம்

முதலில் சங்கிலியின் தொய்வு நீங்கும் வரை மட்டும் இழுத்து நிறுத்தி, எல்லோரும் கையை எடுத்துவிட்டார்களா, கட்டு எங்காவது முறுகியிருக்கிறதா, கொக்கியின் நாக்கு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் நான்கு விரல் உயரம் மட்டும் தூக்கி மீண்டும் நிறுத்துங்கள். பாரம் மட்டமாக நிற்கிறதா, புளொக்கின் பிரேக் பிடிக்கிறதா, கர்டரில் ஓசை எழுகிறதா என்பவை இந்த உயரத்தில் தெரிந்துவிடும். சாய்வு இருந்தால் கீழே இறக்கி, கட்டிய முறையை மாற்ற வேண்டும். சாயும் பக்கத்தில் ஓர் ஆளை ஏற்றி நிறுத்திச் சமன் செய்வது கூடவே கூடாது.

கைச் சங்கிலியை இழுப்பது ஒருவரின் வேலை. ஒருவரால் இழுக்க முடியவில்லை என்றால், பாரம் அளவை மீறியிருக்கிறது அல்லது எங்கோ ஒரு பொல்ட் இன்னும் கழற்றப்படாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் இன்னொருவரை அழைத்துச் சேர்ந்து இழுப்பது, புளொக் கொடுத்த எச்சரிக்கையை மீறுவதாகும். வாகனத்தின் முன்பகுதியும் சேர்ந்து எழுகிறதா என்று சில்லைப் பாருங்கள். எழுந்தால், விட்டுப்போன பொல்ட்டைத் தேடுவதற்கு முன் பாரத்தை இறக்கிவிடுங்கள். இழுவிசையில் இருக்கும் பொல்ட்டைக் கழற்றினால் இஞ்சின் துள்ளி எழும்.

மின்சாரத்தில் இயங்கும் தூக்கி வைத்திருப்பவர்கள், மின் தடைப்பட்டால் பாரத்தை எப்படி இறக்குவது என்பதையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். தொங்கும் பாரத்தை விட்டுவிட்டு எவரும் தேநீருக்குப் போகக் கூடாது.

ஜாக்கும் ஹைட்ரோலிக்கும்

ஜாக் தூக்குவதற்கானது, தாங்கி நிற்பதற்கானது அன்று. அதன் உள்ளேயுள்ள ஒரு சிறு இறப்பர் வளையம் தேய்ந்தாலே போதும், அது மெல்லவோ சட்டென்றோ இறங்கிவிடும். தூக்கியவுடன் இரும்புத் தாங்கியையோ, முதிரை, பாலை போன்ற வன்மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியோ வைத்து, பாரத்தை அதன் மேல் அமர்த்திய பின்னரே கீழே கை வைக்கலாம். கட்டை அடுக்கின் உயரம் அதன் அடியகலத்தின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. சீமெந்துக் கற்கள் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். தென்னங்குற்றி பிளக்கும், உருளும். மணலில் ஜாக்கின் கீழ் தடித்த தகடோ பலகையோ வேண்டும்.

உழவு இயந்திரத்தை நடுவில் பிரிக்கும் வேலைக்கு ஒரு தனிக் கவனம் தேவை. அதன் முன்னச்சு நடுவிலுள்ள ஓர் ஆணியில் ஆடும்படி அமைந்தது. பின்பகுதியிலிருந்து விடுபட்டதும் இஞ்சின் அந்த ஆணியைச் சுற்றிப் பக்கவாட்டில் சரியும். ஆகவே பிரிப்பதற்கு முன், அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்புகளை இறுக அடித்துவிட வேண்டும். கைப்பிரேக் பின் சில்லுகளையே பிடிக்கும் என்பதால், முன்பகுதி தானாக உருளக்கூடியது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நெல் வெட்டும் இயந்திரத்தின் முன்புறமுள்ள வெட்டும் பகுதியை ஹைட்ரோலிக்கால் உயர்த்தி நிறுத்திவிட்டு அதன் கீழ் படுத்து வேலை செய்வதும் தொங்கும் பாரத்தின் கீழ் வேலை செய்வதேயாகும். அதற்கென இயந்திரத்தில் உள்ள பூட்டைப் போட்டு, மேலும் ஒரு தாங்கியும் வைத்த பின்னரே உள்ளே போகலாம். ஒரு குழாய் வெடித்தால் அந்தப் பகுதி இறங்கும் வேகத்தில் எவராலும் வெளியே வர முடியாது.

கருவிகளைப் பார்ப்பதும் சட்டமும்

கடலும் வாவியும் அருகில் இருக்கும் ஊர்களில் உப்புக் காற்று சங்கிலியையும் கம்பிக் கயிற்றையும் விரைவாகத் தின்னும். கம்பிக் கயிற்றின் வெளிப்புறம் கிறீஸ் பூசி நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துரு பிடித்திருக்கலாம். வளைத்துப் பார்க்கும்போது செந்தூள் உதிர்ந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். சங்கிலிக் கண்ணி தன் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலோ, கொக்கியின் வாய் வாங்கிய நாளை விட அகன்றிருந்தாலோ, அவற்றின் ஆயுள் முடிந்தது. கொக்கியின் வாயகலத்தைப் புதிதாக இருக்கும்போதே அளந்து எழுதி வைத்தால்தான் பின்னர் ஒப்பிட முடியும். வளைந்த கொக்கியைச் சூடாக்கி நிமிர்த்துவதும், அறுந்த கண்ணியை வெல்டிங் செய்வதும் உருக்கின் பதத்தையே அழித்துவிடும். தொங்கும் பொருளில் வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பை அந்தப் பொருளிலேயே, வெல்டிங் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். இல்லாவிடில் மின்னோட்டம் சங்கிலி வழியே திரும்பி அதைக் கெடுத்துவிடும்.

இலங்கையின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பாரம் தூக்கும் சங்கிலி, கயிறு, துணைக்கருவிகளை ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், கிரேன் போன்ற தூக்கும் இயந்திரங்களை 14 மாதங்களுக்கு ஒரு முறையும் தகுதியுடையவரைக் கொண்டு முழுமையாகப் பரிசோதிக்கக் கோருகிறது. வேலையின்போது காயமடைந்தவருக்கான நட்டஈட்டை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலைகொள்வோர் மீது சுமத்துகிறது. இவை குறித்துத் தொழில் திணைக்களத்தில் விசாரிக்கலாம். 1990 என்ற அவசர அம்புலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் எழுதி வைத்து, ஒவ்வொரு தூக்கலின்போதும் பயன்படுத்தாத ஒரு ஜாக்கை எட்டும் தூரத்தில் வைத்திருங்கள். யாராவது நசுங்குண்டால் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

அரைத்தாள் திட்டம்

மேலே சொன்னவற்றை ஒரு கொப்பியில் அரைப்பக்கத்துக்குள் எழுதலாம். சிறிய லொறியொன்றின் இஞ்சினைக் கழற்றுவதற்கு அது இவ்வாறு அமையும்:

பாரம்: நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின், கியர் பொக்ஸ் கழற்றியாயிற்று, எண்ணெய் வடித்தாயிற்று.
எடை: கைந்நூல் இல்லை; 500 கிலோ எனக் கொள்ளப்பட்டது.
தூக்குவது: 1 தொன் செயின் புளொக்; கர்டரில் எழுதிய அளவு 1 தொன்.
கட்டு: தரம் 80, 8 மி.மீ. இரு கால் சங்கிலி; கால் நீளம் 60 செ.மீ., இடைத்தூரம் 45 செ.மீ.
வழி: இஞ்சின் நகராது, லொறி பின்னோக்கித் தள்ளப்பட்டு அடைகட்டை வைக்கப்படும்.
இறங்குவது: இரும்புத் தாங்கி, ஆயத்தம், ஆட்டிப் பார்த்தாயிற்று.
ஆட்கள்: சங்கிலி, சைகை, தள்ளுவோர் என ஒவ்வொருவர் பெயரும்.
நிறுத்துவது: ஒருவரால் இழுக்க முடியாவிடின், முன் சில்லு எழுந்தால், சாய்ந்தால்.

வேலை முடிந்ததும் எது திட்டப்படி நடக்கவில்லை என்பதை அதன் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். அதே மாதிரி லொறி அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் பாதி வேலை முடிந்திருக்கும்.

வெளியிலிருந்து கிரேன் எடுக்கும்போது

எடை கர்டரின் அளவைத் தாண்டும்போதும், பொருளை லொறியிலிருந்து முற்றத்தில் இறக்க வேண்டியிருக்கும்போதும் வாடகைக் கிரேனோ பூம் லொறியோ (தூக்கும் கை பொருத்திய லொறி) எடுப்பதே சரி. ஜே.சி.பி.யின் வாளிப் பற்களில் சங்கிலியைக் கொழுவித் தூக்குவது மலிவாகத் தோன்றினாலும், பற்கள் அதற்காக அமைந்தவை அல்ல, சங்கிலி நழுவும். வண்டி வருவதற்கு முன்பே ஓட்டுநரிடம் எடையையும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து பாரம் இறங்கும் இடம் வரையான தூரத்தையும் சொல்லிவிடுங்கள். அந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்பதை வண்டியிலுள்ள அட்டவணையைப் பார்த்து அவர் சொல்ல வேண்டும். வண்டியின் பக்கக் கால்களை முழுவதும் விரித்து, ஒவ்வொன்றின் கீழும் தடித்த மரப் பலகைகளை இடுங்கள். மாரி மழைக்குப் பின் ஊறிய நிலத்திலும், மலக்குழியோ பழைய கிணறோ மூடிய இடத்திலும் கால் வைக்க விடாதீர்கள். முற்றத்தின் மேலாக மின்கம்பி போகிறதென்றால், கிரேனின் கையோ பாரமோ அதற்கு 6 மீற்றருக்குள் வர வாய்ப்பிருக்கிறதா என்று முதலில் அளந்து பார்த்து, வாய்ப்பு இருப்பின் பிரதேச மின் அலுவலகம் அந்தக் கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்ததை உறுதிப்படுத்தும் வரை கையை விரிக்க அனுமதிக்கக் கூடாது.